பூனை மீசை போட்ட கோடு

என் முனைவர் பட்டத்துக்குப் பூனை மீசை வேண்டியிருந்தது. சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பதால் சொல்வதையே விட்டுவிட்டேன். கல்யாண வீடுகளில் "என்ன ஆராய்ச்சி செய்யுகே?" என்று கேட்கிற அத்தைமாரிடம் "பாக்டீரியா" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வேன். அவர்கள் கையிலிருக்கும் ஐஸ்கிரீமை ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொள்வேன். எனக்குப் பொறுமை கிடையாது. எங்கள் வீட்டுக்கு வந்த பொறுமை முழுவதையும் அண்ணனே எடுத்துக்கொண்டான் என்று அம்மா சொல்வாள்.

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலிலிருந்து இரண்டு சந்து தள்ளி எங்கள் வாடகை வீடு. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த அப்பா, பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காயை விற்றே எங்கள் இருவரையும் படிக்கவைத்தார். அவர் போன பிறகு கடையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம். அண்ணன் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தான். நான் ஊரிலேயே ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தேன். அவனுக்கு இருமல் வந்தபோது ஆபீஸ் ஏசி என்றார்கள், ஹைவே தூசி என்றார்கள். ஆளாளுக்கு ஒரு கஷாயம் சொன்னார்கள். கடைசியில் காசநோய் என்று தெரிந்தது. அதிலும், வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத வகை.

புதிதாக வந்த நல்ல மருந்து ஒன்று அவனுடைய இதயத் துடிப்பைக் குழப்பியதால் அதை நிறுத்தவேண்டி வந்தது. இன்னொன்றால் ரத்தம் குறைந்தது. மிச்சமிருந்தவற்றில் டாக்டரம்மா பெரிதாக நம்பியது சைக்ளோசெரின் என்ற பழைய மருந்தை. அந்தப் பெயரைச் சீட்டில் இரண்டு தரம் படித்தேன். அண்ணனுக்கு நோய் வருவதற்கு முன்பிருந்தே நான் ஆராய்ந்துகொண்டிருந்தது அதே மருந்தைத்தான். சொந்தக்காரர்கள் இதைக் கேட்டு "எல்லாம் ஒரு நிமித்தம்" என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பேரிடம் பேச்சுவார்த்தையே நின்றுபோனது.

என் வேலை இதுதான். பாக்டீரியாவுக்குள் ஒரு நொதி உண்டு. அலனின் என்ற சிறு மூலக்கூறைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலமாகத் திருப்பிக் கொடுப்பது அதன் வேலை. அந்தத் திருப்பிய அலனின் இல்லாவிட்டால் பாக்டீரியாவால் தன் சுவரைக் கட்ட முடியாது. அந்த நொதி தனியாக எதுவும் செய்யாது. வைட்டமின் பி6 அதன் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த வைட்டமினால்தான் நொதிக்கு இளமஞ்சள் நிறம். சைக்ளோசெரின் உள்ளே போய் அந்த வைட்டமினைப் பிடித்துக்கொள்ளும். மஞ்சள் வெளுத்துவிடும், நொதி செத்துவிடும். மருந்து எப்படிப் போய் உட்காருகிறது, எந்த அணு எதைத் தொடுகிறது என்று பார்க்க நொதியைப் படிகமாக வளர்க்க வேண்டும். படிகத்தின் மேல் எக்ஸ்ரே பாய்ச்சினால் உள்ளே இருப்பதன் வடிவத்தைக் கணக்கிட்டு எடுக்கலாம்.

இவ்வளவையும் அண்ணனிடம் ஒரு மாலை சொன்னேன். நோயில் இளைத்து, ஜன்னலோரக் கட்டிலில் முகக்கவசத்தோடு சாய்ந்திருந்தான். மடியில் பூனை. எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட சாம்பல் நிறப் பூனை. அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"மருந்துகூட எதுக்கு ட்டி ஒரு வைட்டமின் மாத்திரையும் தாறாங்க?"

"நம்ம மூளைக்கும் அந்த பி6 வேணும் அண்ணே. மருந்து அதையும் போய்ப் பிடிக்கும். அதான் கூடுதலா தாறாங்க."

"அப்பம் எனக்கும் அந்த பாக்டீரியாவுக்கும் ஒரே வைட்டமினா?"

"ஆமா."

"கொள்ளாம். சொந்தக்காரனாக்கும்," என்று பூனையிடம் சொன்னான்.

அந்த மாதம்தான் முதல் படிகங்கள் வந்தன. நொதியையும் மருந்தையும் ஒன்றாகக் கலந்து, சிறு கண்ணாடித் தகட்டில் சொட்டுவைத்து, தகட்டைத் தலைகீழாகக் கிண்ணத்தின் மேல் மூடியிருந்தேன். நுண்ணோக்கியில் பார்த்தால், பட்டை தீட்டிய மாதிரி, நிறமே இல்லாத படிகங்கள். மருந்து உட்கார்ந்தால் மஞ்சள் போகும் அல்லவா? நிறமில்லாததைக் கண்டு நாங்கள் எல்லோரும் துள்ளினோம். வழிகாட்டி சார் கூடத்துக்கே பருப்புவடை வாங்கிக் கொடுத்தார். நான் வீட்டுக்கு வந்து "மருந்து உட்காந்திருச்சு" என்று சொன்னேன். அம்மா நேரே கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். நான் ஏதோ அண்ணனுக்கென்றே மருந்து செய்துகொண்டிருக்கிறேன் என்பது அவள் எண்ணம். நான் எத்தனையோ தரம் விளக்கியும் அந்த எண்ணத்தை அவள் விடவில்லை.

மறுவாரம் ஒரு படிகத்தை ஊசிமுனையால் அழுத்திப் பார்த்தேன். நொதியின் படிகமென்றால் வெண்ணெய்க்கட்டி மாதிரி மெத்தென்று நொறுங்கும். இது கறுக்கென்று உடைந்தது. உப்பு. கரைசலில் நாங்களே போட்ட உப்புத்தான் படிகமாகி இருந்தது. மஞ்சள் போனது மருந்தால் அல்ல, அங்கே நொதியே இல்லாததால். இந்தத் துறையில் எல்லோரும் ஒருமுறையாவது உப்புக்குப் பருப்புவடை தின்றிருப்பார்கள் என்று சார் சமாதானம் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உப்பா?" என்றான் அண்ணன். "அம்மை உப்புக்கா தேங்கா உடைச்சா?" சிரிப்போடு இருமலும் வந்தது. இருமி முடித்து மறுபடியும் சிரித்தான்.

அதற்குப் பிறகு சார் வழியை மாற்றச் சொன்னார். முதலில் மருந்தில்லாமல் மஞ்சள் படிகத்தை வளர்க்க வேண்டும், நொதிதான் என்று உறுதியான பிறகு அதை மருந்தில் ஊறவைத்து மஞ்சள் போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஆனால் மஞ்சளாக வந்ததெல்லாம் வெறும் தூள். அந்தத் தூளை விதையாக்கிப் புதுச் சொட்டில் விதைக்கலாம். விதைப்பதற்கு எங்கள் துறையில் கைக்கருவி பூனை மீசை. அதன் நுனியைத் தூளில் தொட்டு, புதுச் சொட்டின் நடுவே ஒரு கோடு இழுத்தால், மீசையின் சொரசொரப்பில் ஒட்டிய துகள்கள் கோட்டில் அங்கங்கே விழுந்து படிகமாக வளரும். மெல்லியதாகவும் இருக்க வேண்டும், விறைப்பாகவும் இருக்க வேண்டும். அதற்கு அதைவிட நல்லதாக ஒன்றை யாரும் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் கூடத்தில் பழைய மாணவர் யாரோ விட்டுப்போன ஒரே ஒரு மீசை இருந்தது. அதுவும் ஒடிந்துபோனது. "யார் வீட்டில் பூனை இருக்கிறது?" என்று சார் கேட்டபோது நான் கையைத் தூக்கினேன்.

"மீசையா? பூனைக்க மீசையா?" அண்ணன் எழுந்து உட்கார்ந்தே விட்டான். "உனக்க ஆபீஸ்ல அவ்வளவு மிஷின் இருக்கு, இது மீசைக்கு வந்து நிக்குகா?"

"பிடுங்கப்பிடாது கேட்டியா. அதுவா உதிரணும்."

"எனக்கு வேற என்ன ஜோலி இருக்கு? நான் பாத்துக்கிடுகேன்."

உண்மையாகவே அவனுக்கு வேறு வேலை இல்லாமல் போயிருந்தது. வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலையைச் செய்து பார்த்தான். பத்து வரி படிப்பதற்குள் களைத்துவிடுவான். பூனையைப் பார்த்துக்கொண்டிருப்பது அவனால் முடிந்தது. பூனை எங்கெங்கே படுக்கிறது, எந்த மூலையில் முகத்தைத் தேய்க்கிறது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. விழுந்த மீசைகளைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துச் சேர்த்தான். ஒவ்வொன்றையும் என்னிடம் தரும்போது "டாக்டரே, சரக்கு வந்திருக்கு" என்பான்.

பிறகு மருந்து அவன் தலைக்கு ஏறியது. இதை வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியவில்லை. முதலில் தூக்கம் போனது. பிறகு பேச்சு குறைந்தது. ஒருநாள் நான் தீப்பெட்டியை எடுக்கப் போனபோது வெடுக்கென்று பிடுங்கி ஜன்னல் பக்கம் எறிந்தான். "எனக்க சாமானை எல்லாம் கொண்டுபோய் அங்க ஆளுகளுக்குக் காட்டிச் சிரிக்கே இல்லா?" என்றான். என் அண்ணன் என்னிடம் குரல் உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் திருப்பிச் சண்டை போடவில்லை. அவன் கண்ணைப் பார்த்தேன். அங்கே எனக்குத் தெரிந்த ஆள் யாரும் இல்லை.

அதற்கடுத்து அம்மாவின் சோற்றின்மேல் சந்தேகம் வந்தது. அவள் அதில் எதையோ கலக்கிறாள் என்று நம்பினான். தட்டைத் தள்ளிவிடுவான். நோயில் சாப்பிடாமல் இருந்தால் ஆள் என்ன ஆவான்? அம்மா ஒவ்வொரு வேளையும் அவன் முன்னால் உட்கார்ந்து, அவன் தட்டிலிருந்தே முதல் கவளத்தை எடுத்துத் தன் வாயில் போட்டு, மென்று, விழுங்கிக் காட்டுவாள். அவள் விழுங்கும்வரை அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பான். பிறகுதான் கை வைப்பான். எங்கள் அம்மா எங்களுக்கு விஷம் வைப்பாளா என்று அவனை உலுக்கிக் கேட்க வேண்டும் போல இருக்கும். கேட்டு என்ன பயன்? பேசுவது அவனில்லை, மருந்து. அது எந்த இடத்தில் எதைப் பிடித்துக்கொண்டு இப்படிச் செய்கிறது என்பது இந்த ஊரில் எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? தெரிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

வைட்டமினைக் கூட்டிப் பார்த்தார்கள். மனநல டாக்டரும் வந்து பார்த்தார். கடைசியில் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். மருந்தை நிறுத்தினால் மனசு தெளிந்துவிடும். ஆனால் மிச்சமுள்ள மருந்துகளால் மட்டும் அந்த நுரையீரலைத் தாங்க முடியுமா என்பது சந்தேகம். தொடர்ந்தால் அவன் தன்னையே ஏதாவது செய்துகொள்ளவும் கூடும். இப்போதைக்கு நிறுத்துவோம், தெளிந்த பிறகு குறைந்த அளவில் மறுபடி தொடங்கலாமா என்று அவனையே கேட்போம் என்றார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

நிறுத்திச் சில வாரம் கழித்து ஒரு காலை, நான் வேலைக்குக் கிளம்பும்போது கட்டிலுக்கடியில் சத்தம் கேட்டது. அண்ணன் தரையில் மண்டியிட்டு, மூச்சு வாங்க வாங்க, கையை நீட்டித் துழாவிக்கொண்டிருந்தான்.

"ஏட்டி, எனக்க தீப்பெட்டி எங்க?"

நான் பையைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். "சாரமில்ல, சாரமில்ல" என்று தேற்றியபடி அவன் என் தலையில் தட்டிக்கொண்டே இருந்தான். ஜன்னலுக்கு வெளியே விழுந்த தீப்பெட்டியை அம்மா அன்றைக்கே எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தாள். பூனையைப் பிடிக்காதவள், அதன் மீசையைப் பத்திரப்படுத்தியிருந்தாள்.

அந்தத் தீப்பெட்டியிலிருந்து எடுத்த மீசையால்தான் கோடு இழுத்தேன். நாலைந்து நாளில் சொட்டின் குறுக்கே, மீசை போன வழியிலேயே, வரிசையாக மஞ்சள் படிகங்கள் நின்றன. கற்கண்டு மாதிரி, எலுமிச்சை நிறத்தில். ஊசியால் தொட்டேன், மெத்தென்று இருந்தது. நுண்ணோக்கியில் போனை வைத்துப் படமெடுத்து அண்ணனிடம் கொண்டுவந்தேன். அவன் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"இந்தக் கோடு நம்ம ஆளு போட்டதா?"

"ஆமா."

பூனையைத் தூக்கி அதன் முகத்துக்கு நேரே போனைக் காட்டினான். அது வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விட்டது.

அடுத்த வாரம் படிகங்களை மருந்தில் ஊறவைத்தேன். கண்ணெதிரே மஞ்சள் மெல்ல மெல்ல வெளுத்துப்போனது. வேலை ஜெயித்துவிட்டது. அந்தப் படத்தையும் எடுத்தேன், ஆனால் வீட்டில் காட்டவில்லை. அவனே கேட்டு வாங்கிப் பார்த்தான். இரண்டு படங்களையும் மாற்றி மாற்றித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எனக்கும் இப்படித்தான் ட்டி இருந்திச்சு," என்றான். போனைத் திருப்பித் தந்தான்.

அவனுக்குக் கல்லாற்றுக்குப் போக வேண்டுமென்று ஆசை. வேலைக்குப் போன காலத்தில் நண்பர்களோடு பைக்கில் பொன்முடி போகும்போதெல்லாம் அங்கே இறங்கித் தண்ணீரில் கால் நனைப்பானாம். கார் வைத்து மூவரும் போனோம். ஆற்றங்கரைக் கடையில் பால் விடாத கட்டன் சாயா வாங்கிக் கொடுத்தேன். ஒரு பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டிருந்தான். முதல் நாள்தான் டாக்டரம்மா, மருந்தை மறுபடி தொடங்கலாமா என்ற அந்தக் கேள்வியை அவனிடம் கேட்டிருந்தார்.

"குறைஞ்ச அளவுதான் அண்ணே," என்று நான் ஆரம்பித்தேன். "கூடவே மனசுக்கும் மருந்து தருவாங்க. இந்தத் தரம் பாத்துக்கிடலாம். நான் இருக்கேன்லா?"

"வேண்டாம் ட்டி."

"வேண்டாம்னா? செத்துப் போவே. தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

நான் கத்தினேன். பக்கத்துப் பாறையில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். சுயநலக்காரன் என்றேன், கோழை என்றேன், அம்மாவை நினைத்துப் பார்த்தாயா என்றேன். அவன் சாயாவை ஊதி ஊதிக் குடித்தான். அதற்குள் அம்மா வாழையிலைப் பொதிச்சோற்றைப் பிரித்து அவன் முன்னால் வைத்தாள். வைத்த கையோடு, வழக்கம்போல, முதல் கவளத்தை எடுத்துத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள். அவன் தெளிந்து எவ்வளவோ நாளாகியும் அந்தப் பழக்கத்தை அவளால் விட முடியவில்லை.

அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மை, இனி நீ தின்னு காட்டாண்டாம்," என்றான். அந்தக் கவளத்தை அவள் விரலிலிருந்தே வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். மென்றுகொண்டே என்னைப் பார்த்துச் சொன்னான். "இதுக்குத்தான் ட்டி வேண்டாம்ங்கேன். திரும்பவும் இவளைச் சந்தேகப்பட என்னால முடியாது."

அவன் சொன்னது எனக்கு இன்றைக்கும் சம்மதமில்லை. இருந்திருக்கலாம் அவன். சந்தேகப்பட்டுக்கொண்டாவது, எங்களைத் திட்டிக்கொண்டாவது, அந்தக் கட்டிலில் இருந்திருக்கலாம். அவனிடம் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

அந்த மழைக்காலம் முழுவதும் அவன் அவனாகவே இருந்தான். அம்மா போட்டதையெல்லாம் தின்றான், என்னை வம்புக்கு இழுத்தான், பூனைக்குப் பின்னால் தவழ்ந்தான். மழை விட்ட பிறகு ஒரு மத்தியானம் ரத்தமாகக் கக்கினான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். திரும்பி வரவில்லை.

எக்ஸ்ரே எடுக்க வெளியூர் போயிருந்த படிகங்களின் தகவல் அதற்குப் பிறகுதான் வந்தது. கணினித் திரையில் நீல வலையாக நொதியின் உட்புறம் விரிந்தது. நடுவில் வைட்டமின்; அதன்மேல் மருந்து. நான் ஒவ்வொரு அணுவாக அந்த வலைக்குள் பொருத்தினேன். ஒரு அணுகூட வெளியே துருத்தவில்லை. சார் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "எந்தொரு பங்ஙி" என்றார், மலையாளத்தில். அழகுதான். அவ்வளவு கச்சிதமாகப் பிடித்திருந்தது. என் அண்ணனின் தலைக்குள்ளும் இப்படித்தான் பிடித்திருக்கும் என்று நினைத்ததும் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வராந்தாவுக்குப் போய் வெறும் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மருந்தை நான் வெறுத்தேன். அது எத்தனையோ பேரைப் பிழைக்கவைத்த மருந்து என்றும் தெரியும். தெரிந்தும் வெறுத்தேன்.

ஆய்வேடு முடிந்தது. படிகம் வளர்த்த முறை என்ற பகுதியில், பூனை மீசையால் விதைக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதினேன். வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பட்டம் வாங்கி வந்த அன்று அம்மா பால்பாயசம் வைத்திருந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன், அண்ணனின் கட்டில்தான். பூனை அவன் தலையணை இருந்த இடத்தில் சுருண்டிருந்தது. அம்மா பாயசக் கிண்ணத்தை என்னிடம் தந்துவிட்டு, அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து எதையோ எடுத்து வந்தாள். அந்தத் தீப்பெட்டி. திறந்தேன். பஞ்சின்மேல் வெள்ளை மீசைகள், ஒன்றோடொன்று படாமல், அவன் அடுக்குகிற மாதிரியே அடுக்கியிருந்தன. அவன் போன பிறகு உதிர்ந்தவை.

"கிடக்கக் கிடக்க எடுத்து வச்சேன் மக்களே," என்றாள். "அந்த மருந்துக்கு இன்னும் வேணுமா?"

என் வேலை முடிந்துவிட்டது, இனி மீசை வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணும்மா," என்றேன்.